டாக்டர் உள்ளே இருக்கிறார்

ஜூன் 9

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். இந்த டைரியைச் சிமெண்ட் கடைக்காரர் பொங்கலுக்கு இவருக்குக் கொடுத்தார். இத்தனை நாளும் அரிசி டப்பா மேல் சும்மா கிடந்தது. நான் இடதுகைக்காரி. எழுத எழுத மை உள்ளங்கையோரம் அப்பிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் இதற்காக எத்தனையோ அடி வாங்கியும் கை மாறவில்லை.

இன்று இந்துஜாவை நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங் ஆஸ்டலில் விட்டுவிட்டு உடுமலைக்குத் திரும்பினோம். நீட் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள். இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. இது மூன்றாவது வருஷம். ஊரில் ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பேசட்டும்.

கிளம்புவதற்கு முன் பெற்றோர் கூட்டம் என்று உட்கார வைத்தார்கள். கோட் போட்ட ஒருவர் மைக் பிடித்துப் பேசினார். "ஆகணும்னு நினைக்காதீங்க, ஆயிருச்சுன்னு நினைங்க. தினமும் டைரி எழுதுங்க, நடந்து முடிஞ்ச மாதிரியே எழுதுங்க. டாக்டர்னு பேரு போட்டு போர்டு அடிச்சுக் கண்ணுல படற மாதிரி மாட்டி வைங்க. கனவை முதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, பிள்ளை தானா வரும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். இவர் மட்டும் நாற்காலியில் தலை தொங்கத் தூங்கினார். மோட்டார் ரீவைண்டிங் கடையில் நாளெல்லாம் செம்புக் கம்பி சுற்றுகிற மனிதர், எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார்.

கேட்டுக்கு வெளியே இந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கடைசியா ஒருக்கா கேக்கறேன். கோயமுத்தூர்ல பேக்கரி கோர்ஸ் இருக்குதும்மா. அப்பா சரின்னுட்டாரு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பன்னு சுடறதுக்கா உயிரியல்ல அத்தனை மார்க் வாங்குனே?" என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். சின்னதில் குக்கரில் கேக் சுடப் போய்ப் புருவத்தில் சூடு வாங்கியும் அவளுக்கு அந்த ஆசை விடவில்லை.

சரி, எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். என் மகள் டாக்டர்.

ஜூன் 16

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பேச விடுகிறார்கள். சாம்பாரில் உப்பு இல்லையாம், பிடிக்கவில்லையாம். பிடிப்பதற்காகவா அங்கே விட்டிருக்கிறது என்று கேட்டேன். அப்பாவிடம் கொடு என்றாள். அப்பாவும் மகளும் என்ன பேசினார்களோ, இவர் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொட்டதற்கெல்லாம் கண் கலங்கும் ஜாதி இது.

என் மகள் டாக்டர்.

ஜூன் 24

முன்பக்க அறையைக் காலி செய்யச் சொன்னேன். இவருடைய பழைய மோட்டார், கம்பிச் சுருள் எல்லாம் கடைக்குப் போனது. வெள்ளை அடித்து, மேஜையும் சுழல் நாற்காலியும் நோயாளி உட்கார ஒரு ஸ்டூலும் போட்டாயிற்று. திரைத்துணி பச்சை. ஸ்டெதஸ்கோப்கூட வாங்கிவிட்டேன். ஸ்டூடியோக்காரனிடம் சொல்லி இந்துவின் முகத்தை வெள்ளைக் கோட்டு உடம்பில் பொருத்திப் பெரிய போட்டோவாகப் போட்டு வாங்கினேன். அப்படியே அச்சு அசல் டாக்டர்.

"ஏ வசந்தா, புள்ள இன்னும் பரிச்சையே எழுதலை" என்றார் இவர்.

"எழுதுவா. அவ எழுதறப்ப எழுதட்டும், நாம செய்யறத நாம செய்வோம்."

எல்லாம் அவளுக்காகத்தான். எனக்கென்று ஆசை எதுவும் இருந்ததில்லை. பிளஸ் டூவில் உயிரியலில் நான்தான் பள்ளிக்கு முதல். நான் வரைந்த தவளையின் இதயத்தை டீச்சர் ஆபீஸ் ரூம் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். ரிசல்ட் வந்த மாதத்தில் கல்யாணம். அது கிடக்கட்டும், அதைச் சொல்ல வரவில்லை. திரைத்துணிக்குக் கம்பி சரியாகப் பொருந்தவில்லை, நாளைக்கு ஆளை வரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 12

இன்று பூஜை. ஆடி பிறந்துவிட்டால் எதையும் தொடங்க முடியாது. அப்புறம் மழை, தீபாவளி என்று தள்ளிக்கொண்டே போகும். ஆனியில் வளர்பிறை வெள்ளிக்கிழமை அமைந்தது, விடுவேனா? காலையிலேயே வாசல் தெளித்து, மாவிலை கட்டி, கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் போர்டை மாட்டச் செய்தேன். டாக்டர் ந. இந்துஜா, எம்.பி.பி.எஸ். வெள்ளையில் நீல எழுத்து. அதற்கு அடியிலேயே தள்ளிவிடுகிற சின்னக் கட்டை ஒன்று. ஒரு பக்கம் தள்ளினால் ‘உள்ளே’, மறுபக்கம் தள்ளினால் ‘வெளியே’.

மற்ற பெற்றோர் எல்லாம் போர்டைப் பிள்ளையின் படிப்பறையில் மாட்டினார்களாம். பூஜை போட்டது நான் மட்டும்தான் போலிருக்கிறது. இவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "பூசை போட்டு காய் ஒடைச்சுட்டா அது தொறந்ததா ஆயிரும் புள்ள. தொறந்து வெச்சுட்டு ஆள் இல்லாம வெக்கக்கூடாது."

"ஆளுக்குப் பதிலா போட்டோ இருக்குதல்ல?"

சுழல் நாற்காலியில் இந்துவின் போட்டோவைச் சாத்தி வைத்திருந்தேன். தேங்காய் சமமாக உடைந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் பொட்டு வைத்தேன், ஸ்டெதஸ்கோப்புக்கு வைத்தேன், நாற்காலிக்கு வைத்தேன். கை போன வேகத்தில் போட்டோவின் நெற்றியிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஈஸ்வரியக்காதான் பார்த்துப் பதறியது. "அட என்ன வசந்தாமணி பண்ணிப்போட்ட. உசுரோட இருக்கற புள்ள போட்டோவுக்கு ஆராச்சும் பொட்டு வெப்பாங்களா? செத்தவங்களுக்கல்ல வெக்கறது."

முந்தானையால் உடனே துடைத்துவிட்டேன். சந்தனம் போய்விட்டது. குங்குமம் லேசாகக் கண்ணாடிக்கு உட்பக்கம் இறங்கியிருக்கிறது போலத் தெரிகிறது. சட்டத்தைக் கழற்றினால்தான் துடைக்க முடியும். ஒரு பொட்டால் என்ன ஆகிவிடப் போகிறது? இவர் சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

என் மகள் டாக்டர். இன்று கிளினிக் திறந்தாள்.

ஜூலை 14

இந்து போன் செய்தாள். வெள்ளிக்கிழமை காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டார்களாம். எழுந்து நின்று, "சார், நான் இருக்கறேன்" என்று சொன்ன பிறகும் சார் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாராம். சத்தமாகப் பேசியிருக்க மாட்டாய் என்றேன். சின்ன வயதிலிருந்தே வாய்க்குள் முனகுகிற பழக்கம்.

ஜூலை 19

ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று, துணி காயப்போட்டால் அடுத்த தெருவில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மொபெட்டில் ஒருவர் வந்து கேட்டில் நின்றார். முழங்கை வீங்கி இருந்தது.

"டாக்டர் இன்னும் வரலைங்க. படிச்சுட்டு இருக்கறாங்க" என்றேன்.

"உள்ளேன்னு போட்டிருக்குதுங்களே."

எட்டிப் பார்த்தேன். கட்டை ‘உள்ளே’ பக்கம் தள்ளியிருந்தது. பூஜையன்று ‘வெளியே’யில்தான் வைத்தேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்று தள்ளியிருக்கும். அதைச் சொல்வதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்பக்க அறைக்குள் போய்விட்டார். கை கழுவிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அதற்குள் திரைத்துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முழங்கையில் கட்டு போட்டிருந்தது. புதுத் துணி, முடிச்சு இடப்பக்கமாக இருந்தது.

"அம்மிணி கை ரொம்ப ஜில்லுன்னு இருக்குதுங்க. ஆனா வலிக்காம கட்டுனாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அறைக்குள் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. நாற்காலி மட்டும் மெல்லச் சுழன்று நின்றது. ஜன்னல் திறந்திருந்தது, காற்றுதான்.

வெங்காயச் சாம்பார் நன்றாக வந்தது. இவரிடம் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 23

இன்று மூன்று பேர் வந்தார்கள். மூவரும் டாக்டர் நல்ல மாதிரி என்றார்கள்.

ஜூலை 28

இந்துவின் குரல் போனில் தேய்ந்து வருகிறது. டவர் சரியில்லை. உணவு வரிசையில் தட்டை நீட்டினால் பரிமாறுகிறவர் அடுத்த பெண்ணுக்குப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாராம். அவளே போய் எடுத்துச் சாப்பிடுகிறாளாம். பரவாயில்லை, தன் வேலையைத் தானே செய்யப் பழகட்டும் என்றேன்.

"அம்மா, ரூம்ல இருக்கற புள்ளைங்க என்ற கட்டில்ல துணியப் போட்டு வெக்கறாங்க. நான் அதுல படுத்திருக்கறப்பவே போடறாங்கம்மா."

வாசலில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அதன் அம்மாவை உள்ளே அனுப்பவேண்டும். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. காலையிலேயே எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் கட்டியாயிற்று. திருமூர்த்தி அணைப்பக்கம் போகலாம் என்று இவர் கூப்பிட்டார். டாக்டரைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் முன்பக்க அறையைப் பார்த்தார். அங்கே மேஜை இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. இவருக்கும் கேட்டது. முகம் வெளுத்துவிட்டது.

"உள்ள ஆரு வசந்தா?"

"உங்க மகதான், வேற ஆரு?"

இவர் போய்ப் பார்க்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் கடைக்குப் போய்விட்டார்.

நான்தான் திரைத்துணி இடுக்கு வழியாகப் பார்த்தேன். முதுகு தெரிந்தது. வெள்ளைக் கோட்டு, குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து உட்காருடி என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். டாக்டரை அப்படிச் சொல்லக்கூடாது. இடது கையால் எழுதினாள். இந்து வலது கைக்காரி. படிக்கிற இடத்தில் பழகியிருப்பாள்.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், இந்த வயது வரை இப்படி ஒரு சந்தோஷம் நான் பட்டதில்லை. சுவரில் சாய்ந்து நின்று அழுதேன்.

தேங்காய்ச் சாதத்தை ஒரு தட்டில் வைத்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் பார்த்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

ஆகஸ்ட் 7

இன்று கூட்டம் அதிகம். வாசலில் பெஞ்சு போட வேண்டும்.

ஆகஸ்ட் 11

ஆஸ்டலில் இருப்பவள் போன் செய்தாள். மூச்சு வாங்கினாள்.

"அம்மா, என்னைய ஆருக்கும் ஞாபகமே இல்ல. டெஸ்ட் பேப்பர் குடுக்கறப்ப எனக்கு மட்டும் வர்றதில்ல. போய்க் கேட்டா, நீ ஆரும்மான்னு கேக்கறாங்க. கண்ணாடில பாத்தா மொகம் தெரியுது, ஆனா நெத்தில செவப்பா ஒன்னு இருக்குது. தொடைச்சா போக மாட்டேங்குது. நீ அங்க ஏதாச்சும் பண்ணுனியா?"

நான் எதுவும் பண்ணவில்லை என்றேன்.

"அப்பா சொன்னாரு. போர்டு மாட்டிப் பூசை போட்டீங்களாம். அதக் கழட்டிரும்மா. உன்னைக் கும்புட்டுக் கேக்கறேன். நான் டாக்டர் ஆகோணும்னாலும் ஆகறேன், எத்தனை வருசம்னாலும் படிக்கறேன். அதைய மட்டும் கழட்டிரு. அது இருந்தா நான் இருக்க மாட்டேன்."

அதட்டலாம் என்று வாய் திறந்தேன். அப்போது பச்சைத் திரைக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் எழுந்து நிற்கிறாள், கேட்கிறாள் என்று தெரிந்தது. பயமா என்று கேட்டால், ஆமாம், கொஞ்ச நேரம் பயமாகத்தான் இருந்தது. போர்டைக் கழற்றினால் இவள் எங்கே போவாள்? எத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறாள்.

"பெஞ்சுல ஏழெட்டுப் பேர் காத்திருக்காங்க. அத்தனை பேர்கிட்டயும் என்னன்னு சொல்றது?" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அழுகையும் தூரமாகத்தான் கேட்டது.

ஆகஸ்ட் 15

இவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். நேராக ஸ்டூலைப் போட்டு ஏறிப் போர்டின் ஆணியைத் திருக ஆரம்பித்தார். ஆயுசு பூரா ஆணி திருகுகிற மனிதருக்கு இந்த நான்கு ஆணி வரவில்லை. திருகத் திருக உள்ளே போகிறது என்றார். வியர்த்துக் கொட்டியது.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சண்டைக்காரர்கள் இல்லை, பாவப்பட்ட ஜனங்கள், ஆனாலும் கோபம் வரத்தானே செய்யும். "ஏனுங், டாக்டர் உள்ள இருக்கறப்ப போர்டக் கழட்டறீங்களே, நல்லா இருக்குதுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"டாக்டரும் இல்ல ஒன்னும் இல்ல. எழுந்து போங்க எல்லாரும். என்ற புள்ளைய உசுரோட கொன்னுட்டு இருக்கறீங்க."

"பொறந்து இத்தனை வருசத்துல அவளுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று நான் கேட்டேன். "நான் கண்ட கனவுலதான் அவ இந்த அளவுக்கு வந்தா."

இவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். சத்தம் போடவில்லை. "நீ கண்ட கனவு வந்துருச்சு வசந்தா. அவ எங்க?" என்று கேட்டார்.

அவளா? அவள் உள்ளேதானே இருக்கிறாள். இதைக்கூடக் கேட்பார்களா?

மாவு ஆட்ட வேண்டும். உளுந்து ஊறப் போட்டது நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 21

போட்டோவில் முகம் வெயிலில் மங்கிவிட்டது. கோட்டும் குங்குமமும் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. எடுத்துப் பரணில் போட்டேன். ஆளே இருக்கும்போது போட்டோ எதற்கு?

ஆகஸ்ட் 25

மத்தியானம் ஒரு போன் வந்தது. யாரோ ஒரு பெண், அம்மா அம்மா என்றாள். வேறொன்றும் விளங்கவில்லை. நம்பர் மாறிவிட்டது கண்ணு, பார்த்துப் போடு என்றேன். பாவம், எந்த அம்மாவைத் தேடுகிறதோ. வைத்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

ஆகஸ்ட் 29

இவர் விடியற்காலையில் எங்கேயோ பஸ் ஏறிப் போயிருக்கிறார். நாமக்கல் என்றார். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தலையைத் தடவின மனிதர் இல்லை.

ஆகஸ்ட் 30

காற்று இன்றைக்குத்தான் கொஞ்சம் அடங்கியது. மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுவிட்டுக் கீழே வந்தபோது, கேட்டில் இவர் நின்றிருந்தார். தோளில் ஒரு பெட்டி. கூடவே ஒரு பெண், பத்தொன்பது இருபது வயதிருக்கும். இவர் அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டால் காணாமல் போய்விடுவாள் என்பது போல. உடம்பில் ரத்தமே இல்லை. கேட்டுக் கம்பி அவள் சுடிதார் வழியாகத் தெரிகிறதோ என்று எனக்குத் தோன்றியது. வெயிலில் மாடியிலிருந்து இறங்கியதால் கண் கூசியிருக்கும்.

"உள்ள வந்து பெஞ்சுல உக்காரு கண்ணு" என்றேன். "டாக்டர் ஒருத்தரப் பாத்துட்டு இருக்கறாங்க. ரொம்ப நாளா சாப்பிடறதில்லையா? மொகமே சரியில்ல."

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "அம்மா" என்றாள்.

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். டாக்டரின் அம்மா அல்லவா?

"வசந்தா, நல்லாப் பாரு. உன்ற மக" என்றார் இவர். "அங்க நடைல உக்காந்திருந்தா. அவளச் சுத்தி எல்லாரும் போறாங்க வர்றாங்க, ஒருத்தரும் அவளப் பாக்கலை. நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டப்பதான் அவளுக்கே அவ பேரு ஞாபகம் வந்துச்சு. இப்ப நீ கூப்புடு. ஒரே ஒருக்கா கூப்புடு. பெத்தவ கூப்பிட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

எனக்கு இவர் மேல் இரக்கமாக இருந்தது. வயதாகிறது, வேலை அதிகம். அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்தேன். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, பழைய சூடு. குக்கர் மூடி பட்டது போல. அடுப்பில் கேக் வேகிற வாசம் எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது. நாக்கின் நுனியில் என்னவோ ஒன்று நின்றது. சொல்லிவிடலாம், இதோ வந்துவிட்டது என்று வாயைத் திறந்தேன்.

திரைத்துணி விலகியது. வெள்ளைக் கோட்டின் ஒரு ஓரம் தெரிந்தது. உள்ளே இருந்து, "அடுத்தது ஆருங்க?" என்று குரல் கேட்டது.

வாயில் வந்தது போய்விட்டது. "இந்தப் பொண்ணுதாங்க டாக்டர்" என்றேன்.

"வேண்டாம்மா. நான் உள்ள போகல" என்றாள் அந்தப் பெண். பயப்படவில்லை. களைத்துப் போயிருந்தாள். என் இடது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். ஓரமெல்லாம் டைரி மை. தன் துப்பட்டாவைக் கொஞ்சம் ஈரம் பண்ணி அதைத் துடைத்துவிட்டாள், ஒவ்வொரு விரலாக. பிள்ளைக்குத் துடைத்துவிடுவது போல மெதுவாகத் துடைத்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ, நல்ல வளர்ப்பு.

"நீயே படிச்சிருக்கலாம்மா" என்றாள். "உன்னைய ஆராச்சும் படிக்க விட்டிருக்கலாம்."

பிறகு இவரிடம் திரும்பி, "போலாமுங்கப்பா" என்றாள். இவர் என் முன்னால் நின்று சின்னக் குழந்தையைப் போலத் தேம்பினார். "அவள என்ற அக்கா வீட்டுல விட்டுட்டு உன்னையக் கூட்டிட்டுப் போக வர்றேன். அதுவரைக்கும் அந்த ரூமுக்குள்ள போகாத. கூப்பிட்டாலும் போகாத" என்றார். சரி என்று தலையாட்டினேன். நோயாளிகள் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர்கள் தெருமுனை தாண்டியபோது ஈஸ்வரியக்காவின் குரல் கேட்டது. "ஏ இந்து, எப்ப வந்த கண்ணு? ஏன் இப்பிடி எளைச்சுப் போயிட்ட?" யாரைக் கேட்டது என்று தெரியவில்லை. இந்து உள்ளேதான் இருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துப் பதில் சொன்ன சத்தம் நன்றாகத் தெளிவாகக் கேட்டது.

மிளகாயைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31

பெஞ்சில் யாரும் இல்லை. நேற்றிலிருந்து ஒருவரும் வரவில்லை. போர்டில் ‘உள்ளே’ என்றுதான் இருக்கிறது.

செப்டம்பர் 1

இவர் போன் செய்தார். நாளைக்கு வருகிறாராம். யாரோ இரண்டு தோசை சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள் என்றெல்லாம் சொன்னார். நல்லது என்றேன். ரூமுக்குள் போனாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான். இன்னும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 2

காலையில் வீடு கூட்டி, பால் காய்ச்சி, தலைக்குக் குளித்தேன். நல்ல சேலையாகக் கட்டினேன். நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் யாரும் இல்லாததால் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"அடுத்தது ஆருங்க?"

திரைத்துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இத்தனை நாளில் இன்றுதான் டாக்டரை நேருக்கு நேர் பார்க்கிறேன். ரொம்பச் சின்னப் பெண். இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டியிருந்தாள். வெள்ளைக் கோட்டுக்குள் பச்சைத் தாவணி. எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில்தான் அந்தப் பச்சை. இப்போது யார் தாவணி கட்டிக்கொண்டு படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

நாடி பார்த்தாள். மொபெட்காரர் சொன்னது சரிதான், கை ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் பிடித்த பிடியில் எனக்கு உடம்பெல்லாம் இளகிவிட்டது. யாரோ என்னிடம், வா, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டது போல இருந்தது.

"பேரு?"

"வசந்தாமணிங்க."

இடது கையால் எழுதிக்கொண்டாள். மை உள்ளங்கையோரம் அப்பிக்கொண்டது.

"கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

யோசித்தேன். யாரோ இன்றைக்கு வருகிறேன் என்று சொன்ன ஞாபகம் இருந்தது. யார் என்றுதான் வரவில்லை.

"இன்னும் இல்லீங்க. ரிசல்ட்டு வரோணுமுங்க."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. கேட்டுக்கு வெளியே யாரோ வசந்தா, வசந்தா என்று கூப்பிட்டுக் கதவைத் தட்டினார்கள். கூடவே ஒரு பெண்குரல், அம்மா, அம்மா என்றது. நோயாளிகளாக இருக்கும், காத்திருக்கட்டும்.

"கொழந்தைங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.